ஆயிரம் பக்கக் கிழவர்

சத்தியம், சத்தியம், சத்தியம்! நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா இந்த வாஷ்பேசின் அப்படியே பேர்த்துக்கிட்டு என் தலையில விழட்டும்... உங்க தலையில இல்ல தம்பி, பயப்படாதீங்க. நீங்க பாட்டுக்கு அடியில படுத்துக் குழாயைப் பாருங்க, நான் இப்படி ஸ்டூலைப் போட்டு... அம்மாடி... உக்காந்துக்கறேன். பிளம்பருக்குக் கையிலதான வேலை, காது சும்மாதான இருக்கு.

கீழ் வீட்டு எழுத்தாளர்தான உங்களை அனுப்பினார்? அவர் எழுதற பேய் நாவல்ல வர்ற கிழவர் யாருன்னு சொன்னாரா? சொல்லமாட்டாரே! நான்தான்யா அது! ஆயிரம் பக்கம் தம்பி, செங்கல் தோத்துடும். அத்தனையும் நான் மாடிப்படியில நின்னு வாய் வலிக்க வலிக்கச் சொன்னது.

ஒருதரம் ஒரு பேய் என்கிட்ட வம்புக்கு வந்துச்சு. நல்ல மழை, பேயே தொப்பலா நனைஞ்சு நிக்குது. விட்டேனா? ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிஞ்சு, ரெண்டு உதறு உதறி, கொடியில போட்டுக் கிளிப் மாட்டிட்டேன். காஞ்சதும் மடிச்சுகூட வச்சேன்! சிரிக்காதீங்க, ஸ்பானர் நழுவிடும். அதை அந்த மனுஷன் எப்படி எழுதியிருக்கார் தெரியுமா? கிழவர் பேயைத் துரத்திக்கிட்டு ஓடறாராம். பாதியில நின்னு முட்டிக்குத் தைலம் தேய்க்கறாராம். அதுவரைக்கும் பேய் ஓரமா நின்னு காத்துக்கிட்டு இருக்காம்! எனக்கா முட்டிவலி? இப்ப உக்காரும்போது அம்மாடின்னது வேற விஷயம்.

போகட்டும்னு பொறுத்துக்கிட்டேன். ஏன்னா... அந்தக் கதையில கிழவருக்கு ஒரு மனைவி வர்றாங்க. அவர் என்ன சொன்னாலும், "அப்படியாங்க? அப்புறம்?"னு கண்ணை விரிச்சுக் கேக்கறாங்க. என் வீட்டம்மா இருக்காளே, கல்யாணமான நாள்லேருந்து நான் வாயைத் திறந்தாலே பாத்திரத்தை உருட்ட ஆரம்பிச்சுடுவா. நான் சொன்னதை ஒரு ஜீவன் நம்பின இடம்னா அந்தப் புத்தகம் ஒண்ணுதான் தம்பி.

அப்படியிருக்க, போன வாரம் இவர் வந்து நிக்கறார். "ஐயா, கடைசி அத்தியாயத்துல கிழவர் செத்துப்போறார்." கேட்டேனே நான்: ஏன்யா, அத்தனை பேயையும் ஜெயிச்ச மனுஷன் எதுக்குய்யா சாகணும்? "யோசனை உங்க வீட்டம்மா குடுத்தது"ங்கறார்! உள்ள போய்க் கேட்டா, அவ தலையைக்கூடத் தூக்கல. "ஆமா, நான்தான் சொன்னேன். அவர் உயிரோட இருந்தா பேசிக்கிட்டேதான் இருப்பார், கதை எப்படி முடியும்?"னா. பாத்தீங்களா அநியாயத்தை!

எழுத்தாளர்கிட்ட கெஞ்சிப் பாத்தேன். 'கலை'ங்கறார். சரி, நமக்கும் கொஞ்சம் கலை தெரியும்ல? இந்தக் குழாய் நேரா அவர் குளிக்கற அறைக்குள்ளதான இறங்குது... ஆமா, ஆமா, அந்த வளைவு தளர்ந்திருக்குன்னு பாக்கறீங்கள்ல, கழட்டினது நான்தான். மத்தியானம் அவர் குளிக்கப் போற நேரம் பாத்து, குழாயில வாயை வச்சு, "எழுத்தாளாஆஆ... நான்தான் உன் கதைக் கிழவன்... என்னைச் சாகடிக்காதேஏஏ..."ன்னு இழுத்தேன் பாருங்க, எனக்கே முதுகு சிலுத்துடுச்சு! பட்டப்பகல்ல பேயான்னு கேக்காதீங்க. ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துடும்.

கீழ வாளி உருண்ட சத்தம்! ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல ஓடி வர்றார், காதுல சோப்பு நுரை, கையில காகிதக்கட்டு. "ஐயா! கிழவரே வந்து பேசினார்! உயிரோட இருக்கறவர் குழாயில பேசுவாரா? அவர் எப்பவோ செத்துட்டார் ஐயா, எனக்குத்தான் தெரியாமப் போச்சு!"

போச்சா? கடைசிப் பக்கம் வரைக்குமாவது இருந்த மனுஷனை இப்ப முதல் பக்கத்துலயே கொன்னுட்டார் தம்பி! மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பக்கமும் நான் பேயா அலையறேன். அந்த மகராசி இருக்காங்களே, 'அப்புறம்? அப்புறம்?'னு கேட்டவங்க... இப்ப என் குரல் கேட்டாலே கதவைச் சாத்திக்கறாங்க.

உங்களை எதுக்கு அனுப்பியிருக்கார்னு நினைக்கறீங்க? பேய் பேசறது தெளிவாக் கேக்கலையாம், அடைப்பு இருந்தா எடுத்துவிடச் சொல்லியிருக்கார்!

தம்பி, ஒரு உயிரைக் காப்பாத்தற காரியம், உங்களாலதான் முடியும். கீழ போனதும் சொல்லிடுங்க, குழாயில பேசினது பேயே இல்ல, நல்லா உயிரோட இருக்கற ஒரு மனுஷன்தான்னு. நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுங்க. அது யாருன்னு கேப்பார், தெரியாதுன்னுடுங்க. உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு கேப்பார்... அதுவும் தெரியாது. அது நான்தான்னு கீழ்வீட்டுல மட்டும் இல்ல, இங்க நம்ம அடுக்களைப் பக்கமும் மூச்சு விட்டுடாதீங்க, என்ன?