களைக்கீரையும் என் அப்பாவும்

பண்ணைக்கீரையை அதிகம் வேகவிடக் கூடாது, பச்சை போய்விடும். இதைக்கூட நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா, நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் லட்சணம்.

என் அப்பா குழந்தைவேலுக்குச் சங்ககிரிப் பக்கம் கடலைக்காடு. யுத்தத்தால் அரிசிக்கு ரேஷன் வந்த வருஷம். களை வெட்டும் பெண்கள் சாயங்காலம் கிளம்புமுன் வரப்பில் வரிசையாக நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார். பண்ணை, தொய்யல், மூக்கிரட்டை என்று அவர்கள் பொறுக்கிய களைக்கீரையெல்லாம் மண்ணில் விழும். அவர்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடே அதுதான்.

"களைதானுங்களே அப்பா, எப்படியும் எறியப் போறதுதானுங்களே?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு ருசி கண்டாளுகன்னா, நாளைக்கு என் காட்டுல களையவே வெதச்சு வுட்டுருவாளுக" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரைத் திருத்தத்தான் வேண்டும், கொல்லக் கூடாது. இதில் நான் தெளிவாக இருந்தேன். எங்கள் வம்சத்தில் பி.ஏ. படித்த முதல் ஆள் நான், அதுவும் பெண்.

அவருக்குக் கால் வீங்கியது. மூக்கிரட்டையைக் கடைந்து கொடுத்தேன், வடிந்துவிட்டது. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். இருமலுக்குத் தூதுவளை கேட்டது. மூலத்துக்குத் துத்தி கேட்டது. பிறகு நியாயமாக ஒரு யோசனை வந்தது. எல்லா வேலையையும் கீரையே பார்க்கும்போது சோறு எதற்கு? வயிற்றில் இடத்தை அடைக்கிறது. நிறுத்தினேன்.

அப்பா ஒத்துழைக்கவில்லை. மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கை அள்ளித் தின்றார். ஆகவே உள்ளறையில் விட்டுப் பூட்டினேன். காட்டில் யாரும் மடியை உதறவில்லை. பெண்கள் வேண்டுமட்டும் கீரை கொண்டுபோனார்கள். ஊருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

கதவிடுக்கில் வாயை வைத்து, "ஒரு வாய் சோறு போடு சாமி" என்பார். சோறு கேட்பதும் ஒரு நோய்க்குறிதான். அதற்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். கேட்பது குறைந்தது.

ஒருநாள் களைக்காரி ஆராயி மடியில் களியுருண்டையை மறைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மணி, பண்ணாடி கொரலே வெளிய வர்றதில்லீங்க. இதைய ஊட்டி வுடுங்க. கீரைய நாங்க தின்னுக்கறோம், அவருக்குக் களி குடுங்க."

வாசலிலேயே மடியை உதறச் சொன்னேன். களி மண்ணில் விழுந்தது. வரப்பில் அப்பாவைப் பார்ப்பதுபோலவே என்னையும் பார்த்தாள். எழுத்தறிவில்லாதவள், என்ன செய்ய.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. பூட்டியது நான். சோற்றை நிறுத்தியது நான். வந்த களியையும் நான்தான் உள்ளே விடவில்லை. எதையும் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் டாக்டர் பட்டினிச் சாவு என்று எழுதியிருக்கிறார்; தட்டு நிறையக் கீரை மீதியிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. இருமல் இல்லை, மூலம் இல்லை, கடைசியில் கோபம்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. என் அப்பா பூரணமாகக் குணமாகித்தான் செத்தார்.