கடிகாரத்தைத் திருப்பியவள்

"கடிகாரத்த பின்னாடி திருப்பி வெச்சவ நானு. பேரு மட்டும் பிரவீனுக்கு."

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்து. எனக்கு முன்சீட்டில் இருந்தவள் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள். இருவர் கழுத்திலும் கம்பெனி அட்டை.

"இன்னாடி சொல்ற?"

"தோல் ஃபேக்டரில தோலப் போட்டு சுத்தற டிரம்முக்கு நாங்கதான புரோகிராம் எழுதினோம். அங்க ஆளுங்க லேட்டா வரக்கூடாதுன்னு எல்லா கடிகாரத்தையும் பத்து நிமிஷம் ஃபாஸ்டா வெச்சிருப்பாங்க, கம்ப்யூட்டர்லயும். தப்பா இருக்குதேன்னு நான் கம்ப்யூட்டர்ல பத்து நிமிஷம் பின்னாடி வெச்சு சரி பண்ணேன். பதினோரு மணிக்கு டிரம்ம நிறுத்தணும்னு புரோகிராம் காத்துனு இருந்துச்சு. மணி பின்னாடி போச்சா, டிரம் நிக்க வேண்டிய நேரத்துல நிக்கவே இல்ல. தோலு ஜாஸ்தி சுத்திடுச்சுன்னு மேஸ்திரி கத்தினாரு."

"அப்புறம்?"

"கையால நிறுத்திட்டு வந்து, டீ குடிக்கும்போது எங்க டீம் பிரவீன்கிட்ட சொல்லி சிரிச்சேன். அவன் சிரிக்கல. காத்துனு இருக்கற புரோகிராம் எந்தக் கடிகாரத்தப் பாக்கணும்னு நாமளே சொல்ற மாதிரி ஃபங்ஷன் எழுதி, உலகத்துல புரோகிராம் எழுதறவங்க எல்லாம் எடுத்துக்கற சி லைப்ரரிக்கே அனுப்பிட்டான். யாரு மணிய மாத்தினாலும் மாறாத கடிகாரத்தக் கூட காட்டலாமாம். அவங்களும் சேத்துக்கினாங்க."

"நீயே எழுதி இருக்கலாமே?"

"எனக்கு அது சிரிக்கற விஷயமாத்தான்டி தெரிஞ்சுது."

பள்ளிகொண்டாவில் கூட்டம் ஏறியது. தோழி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சரி, நல்லா எழுதி இருக்கானா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அன்னிலேருந்து அதுல தப்பு தேடினு இருக்கேன். ஒண்ணு கூட கெடைக்கல, பாவி."