ஓட்டை மெஷின் பக்கத்துல

— நான் டீ வாங்கப் போன நேரத்துல கூப்பிட்டுட்டாங்களா? காதைப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னார்?

— என்னமோ... காது ஜவ்வுல பெர்ஃபரேஷனாம்.

— பெர்ஃபரேஷனா! நம்ம பிரஸ்ஸு வார்த்தையாச்சே அது!

— சத்தமா சிரிக்காதீங்க. ஆஸ்பத்திரியே திரும்பிப் பாக்குது.

— பாக்கட்டும். நம்ம ஓட்டை மெஷின் நெத்தியில, பித்தளைத் தகட்டுல அந்தப் பேருதானே இருக்கும்? பஸ் டிக்கெட்டு, சினிமா டிக்கெட்டு, ரசீது... வரிசையா குத்தித் தள்ளுவேன்...

— நான் பக்கத்துல நின்னு தாளை அடுக்குவேன். தலை முழுக்கப் பொடிப்பொடியா காகித வட்டம். வீட்டுக்குப் போனா, 'யாருடி உனக்குப் பூ தூவுனது'ம்பாங்க அம்மா.

— அந்தப் பேருக்கு அர்த்தம் சொன்னது யாரு, சொல்லு பாப்போம்?

— புரூஃப் ரீடர் சார். லத்தீனாம். 'பெர்'னா ஊடால, 'ஃபொராரே'ன்னா...

— துளைக்கிறது! 'தபால்தலை ஓரத்துக்கும் இதே பேருதான், ஃபிலிம் ஓரத்துக்கும் இதேதான், குடல் ஓட்டையானா டாக்டர் சொல்றதும் இதேதான்'னு... டீ ஆறிப்போற வரைக்கும் பேசுவார் மனுஷன்.

— நீங்களும் வாயப் பொளந்துட்டுக் கேப்பீங்க.

— சரி, உனக்கு எப்படி ஓட்டை விழுந்துதாம்? மெஷின் சத்தத்துலயா?

— இல்ல... சின்ன வயசுல சீழ் புடிச்சுது. இடது காது... அப்பவே போச்சு.

— அப்பவேன்னா... கல்யாணத்துக்கு முன்னாடியேவா?

— ம்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— மொதல்ல பயம். நீங்க வேணாம்னுட்டா? அப்புறம்... வெக்கம்.

— அடிப்பாவி! இரு, இரு... அன்னிக்கு மெஷின் ஓடிட்டிருந்தப்ப உன் இடது பக்கம் வந்துதானே கேட்டேன், 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு?

— அதைத்தான் சொல்ல வரேன்...

— நீ தலையாட்டுனியே!

— ஒண்ணுமே காதுல விழலைங்க. 'தாளை அடுக்கிட்டியா'ன்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன். மறுநாள் உங்கம்மா பொண்ணு கேட்டு வந்து நின்னப்பதான், எதுக்குத் தலையாட்டுனேன்னே புரிஞ்சுது. டீயை ஏன் கீழ வெக்கறீங்க, கோவமா? புரிஞ்சப்புறமாவது நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லலையே.

— கொஞ்சம் இப்படித் திரும்பு. நல்ல காதுல சொல்றேன்... உன் காது மேல தப்பே இல்ல. அன்னிக்குப் பயத்துல என் உதடு மட்டும்தான் அசைஞ்சுது, சத்தமே வரல. நீ தலையாட்டுன பாரு... அது போதும்னு ஓடிப்போய் அம்மாகிட்ட சொல்லிட்டேன்.