எதிர்க்காற்று

டிரைவர்: முதல் தடவை நீ கிளம்பினப்ப நான் என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா?

நர்ஸ்: இல்லாமலா! "எவ்வளவு தூரம்"னு கேட்டீங்க. "எட்டாயிரம் கிலோமீட்டர்"னேன். "அடேயப்பா, என் பஸ் ஒரு மாசம் ஓடுற தூரமாச்சே"ன்னீங்க.

டிரைவர்: "பிளேன் பத்தரை மணி நேரத்துல போயிடும்"னு நீ சொன்ன.

நர்ஸ்: உடனே, "நடுவுல டீக்கு நிறுத்துவாங்களா?" கட்டின பொண்டாட்டி கண்ணைக் கசக்கிட்டு நிக்கிறா, இவருக்கு டீ!

டிரைவர்: வேற என்ன கேக்குறதுன்னு தெரியல... பெட்டியைத் தள்ளு, ஜிப்பை இழுத்து விடறேன்.

நர்ஸ்: இருங்க, யூனிஃபார்ம் இன்னும் வைக்கல.

டிரைவர்: ஆமா, ரொம்ப நாள் சந்தேகம். போறதுக்குப் பத்தரை மணி நேரம். திரும்பி வர்றப்ப மட்டும் எப்படி ஒன்பது? குறுக்கு வழியா?

நர்ஸ்: தூரம் அதேதாங்க. வர்றப்ப காத்து பின்னாலிருந்து தள்ளுது.

டிரைவர்: போறப்ப?

நர்ஸ்: எதிர்க்காத்து. போகாதே, போகாதேன்னு மறிக்குது.

டிரைவர்: அந்த யூனிஃபார்மைக் கொடு, வெச்சிடறேன்.

நர்ஸ்: காத்துக்காவது வாய் இருக்கு.

டிரைவர்: குத்திக் காட்டுறியா?

நர்ஸ்: டிரைவர் சாரைப் போய் குத்துவேனா? ...ஒப்பந்தத்தை நீட்டிக்கிறியான்னு அங்க ஆஸ்பத்திரியில கேட்டிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். சரின்னு சொல்லி நாளைக்கு ஏறினா, இன்னும் மூணு வருஷம்.

டிரைவர்: நீ ஏற்கெனவே சரின்னு சொல்லிட்டதா...

நர்ஸ்: யார் சொன்னா?

டிரைவர்: நல்ல வேலை... உன் படிப்புக்கு இங்க யாரு அப்படி...

நர்ஸ்: இந்தப் பாட்டை ஆறு வருஷமா கேட்டாச்சு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. போன தடவை என்னை ஏர்போர்ட்ல விட்டுட்டு எங்க போனீங்க?

டிரைவர்: நேரா டிப்போவுக்கு. போன்லயே சொன்னேனே.

நர்ஸ்: உங்க டிப்போவுல, "விமானம் புறப்படத் தயார்"னு மைக்ல சொல்றாங்களாக்கும்?

டிரைவர்: ...கேட்டுச்சா?

நர்ஸ்: எனக்கு இந்தக் காதுல கேட்டது, போன் வழியா அந்தக் காதுலயும் கேட்டுச்சு.

டிரைவர்: பிளேன் மேல ஏறுற வரைக்கும் நிப்பேன். எப்பவுமே.

நர்ஸ்: நின்ன மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

டிரைவர்: கண்டக்டர் விசில் அடிச்சா எடுப்பேன், அடிச்சா நிறுத்துவேன். நானா நிறுத்திப் பழக்கமில்ல. அதுலயும் நல்லா ஓடுற வண்டியை மறிக்க... மனசு வராதும்மா.

நர்ஸ்: உள்ள இருக்கிறவ இறங்கணும்னு நெனச்சா?

டிரைவர்: குரல் கொடுக்க வேண்டியதுதானே?

நர்ஸ்: கொடுத்தேனே! ஒவ்வொரு லீவு முடியறப்பவும், "போகட்டுமா"ன்னு கேட்டேன். "பத்திரமா போயிட்டு வா"ன்னீங்க. நான் இல்லாம இருக்க உங்களுக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேன்.

டிரைவர்: பழகிடுச்சா! பஸ் ஓட்டுறப்ப மேல பிளேன் சத்தம் கேட்டாலே, கால் தன்னால பிரேக்குக்குப் போகுது. பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் திட்டறாங்க.

நர்ஸ்: அடப்பாவி மனுஷா! ஊர்ல இருக்கிறவங்ககிட்ட திட்டு வாங்கத் தெரியுது, என்கிட்ட... இருங்க, போன் அடிக்குது. ஆஸ்பத்திரிதான்.

டிரைவர்: எடுக்காதே.

நர்ஸ்: எடுத்துதானே ஆகணும். என்னன்னு சொல்ல?

டிரைவர்: போகாதம்மா... என்கூடவே இரு. ஆறு வருஷமா இதைக் கேக்கத்தான் வாயைத் திறப்பேன். "எவ்வளவு தூரம்"னு வந்துடும்.