அம்மன் கோயில் புற்றுமண்

வாணி: அந்த டப்பாவ இப்படிக் குடுங்க அண்ணி.

பவானேஸ்வரி: எந்த டப்பா?

வாணி: புத்துமண்ணு போட்டு வச்சிருக்கீங்களே, மைலோ டப்பா... முதுகுக்குப் பின்னால மறைக்காதீங்க.

பவானேஸ்வரி: வெள்ளிக்கிழமையாச்சே, புது மண்ணு கொண்டாருவேன்னு பாத்தா, இருக்கறதையும் புடுங்க வர்றியா? நாத்தனார் புத்தி எங்க போவும்...

வாணி: வெளையாடாதீங்க. தெனம் எவ்வளவு தின்னீங்க?

பவானேஸ்வரி: சாமி மண்ணு. ஒரு கிள்ளுதான்.

வாணி: டப்பா பாதிக்கு மேல காலியா இருக்கு.

பவானேஸ்வரி: ...மசக்கைடி. மழை பேஞ்சா போதும், நாக்கு ஊறுது. சோறுகூட வேண்டியதில்ல. ஒங்கண்ணன்கிட்ட சொல்லிடாத லா, சிரிப்பாரு.

வாணி: அண்ணி... குருபோங்ல எங்க பேக்டரிக்குப் பின்னால, அம்மன் கோயிலை ஒட்டி, பழைய லோரி பேட்டரிய ஒடச்சி உருக்குற கடை...

பவானேஸ்வரி: அத மூடி எந்தக் காலமாச்சு.

வாணி: கடையத்தான் மூடினாங்க. மண்ண யாரு கழுவினா? இன்னிக்குப் புத்தச் சுத்திக் கயிறு கட்டி, 'பஹாயா', ஆபத்துன்னு செவப்பு போர்டு மாட்டிட்டாங்க. மண்ணுல ஈயமாம். பேட்டரிக்குள்ள இருக்குமே, அது.

பவானேஸ்வரி: ஆத்தாளுக்குத் தெரியாதா? கேட்டவளுக்கெல்லாம் புள்ள குடுக்குறவ. ஒனக்குந்தான் ஒரு நாள்...

வாணி: என் கதைய விடுங்க. ஆத்தாள நான் கொற சொல்லல. ஆசிட்ட அவளா ஊத்துனா?

பவானேஸ்வரி: தின்னா என்ன ஆவும்?

வாணி: நர்ஸ்கிட்ட கேட்டேன். தாய் ரத்தத்துல சேந்தா புள்ளைக்கும் போயிருமாம்... மூளைக்கு ஆகாதாம்.

பவானேஸ்வரி: ...இப்பத்தான் வாணி அசையவே ஆரம்பிச்சிருக்கு. நேத்து நல்லா ஒதச்சுது.

வாணி: பயப்படாதீங்க அண்ணி. ஒடனே நிறுத்தணும், ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு சொன்னாங்க. ஒடம்புல இரும்புச்சத்து கொறஞ்சாத்தான் மண்ணு மேல ஆச வருமாம். அதுக்கும் மருந்து குடுப்பாங்க.

பவானேஸ்வரி: நீ கொண்டாந்து குடுத்தேன்னு யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.

வாணி: சொல்லுங்க. டாக்டர்கிட்ட ஒன்னையும் மறைக்கக் கூடாது. காலையில கிளினிக்குப் போறோம். பேரு குடுத்துட்டேன், ரெண்டு பேருக்கு.

பவானேஸ்வரி: ரெண்டு பேரா? வயித்துல இருக்கறதுக்கு இன்னும் பேரே வைக்கலயே...

வாணி: அதுக்கில்ல அண்ணி...

பவானேஸ்வரி: ஏய்... புள்ளத்தாச்சி நானே அழாம நிக்கறேன், நீ எதுக்கு அழுற?

வாணி: ஒங்களுக்கு மண்ணு அள்ளுறப்பல்லாம், 'எனக்கும் ஒன்னு குடு தாயே'ன்னு நானும் ஒரு கிள்ளு வாய்ல போட்டுக்குவேன் அண்ணி... குடுத்துட்டா. நாள் தள்ளிப்போயி ரெண்டு மாசம் ஆவுது.