நீ கேட்ட குச்சி

அன்புத் தங்கச்சிக்கு,

அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தோம். நீ கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாய். மாப்பிள்ளை உன் கால்மாட்டில். ஒற்றை நாற்காலியில் அம்மா, மடியில் உன் குழந்தைகளில் பெரியவள். கதவோர ஸ்டூலில் என் மனைவி. நான் நின்றுகொண்டே சொன்னேன்: சின்னவள் காய்ச்சலில் போய்விட்டாள், தொற்று என்பதால் உடனே அடக்கம் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் நீ எழுதியிருந்தாய்: "அண்ணா, அவ படுத்திருக்கிற இடத்தை ஒரு தடவை காட்டு. அங்க நட உன் நர்சரியில இருந்து ஒரு ரோஜாக் குச்சி வெட்டிக் கொடு." அதற்குத்தான் இந்தப் பதில்.

குச்சி வெட்டுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மொட்டு வைக்காத கிளையாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். அடியிலைகளைக் கிள்ளிவிட வேண்டும். ஈரமணலில் செருகி, காற்றுப் படாமல் மூடி வைக்க வேண்டும். தாய்ச்செடியின் நிறம், மணம் எல்லாம் அப்படியே வரும். தாய்ச்செடிக்கும் நஷ்டமில்லை, பக்கத்துக் கணுவில் துளிர்த்துக்கொள்ளும்.

உனக்கு அச்சு அசலாக இரட்டைப் பெண்கள். மாப்பிள்ளையே ஒருமுறை சொன்னார்: "மச்சான், எது எதுன்னு உங்க தங்கச்சிக்கே குழப்பம். ஒண்ணை நீங்க தூக்கிட்டுப் போங்க, கண்டே பிடிக்கமாட்டா." எல்லோரும் சிரித்தோம். என் மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு மூன்று முறை கலைந்திருந்தது.

நீ நோயில் படுத்ததும் பெரியவளை அம்மாவிடமும் சின்னவளை எங்களிடமும் விட்டீர்கள். ஒன்றரை வயது, பேச்சு கூடிவராத பருவம். அவளுக்குக் காய்ச்சலே வரவில்லை. உங்களிடம் சொன்ன மறுநாளே வேறு ஊருக்குப் போனோம். கொலுசு, பொம்மை, அவள் பிடித்துக்கொண்டு தூங்கும் உன் பழைய துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மூன்று வாரம் அழுதாள்.

"கொண்டுபோய் விட்டுடலாங்க, புள்ள துரும்பாயிட்டா" என்றாள் மனைவி.

"இலை உதிர்ந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? பொறுடி" என்றேன்.

நான்காவது வாரம் குழந்தை அவளை அம்மா என்றது.

உங்களை ஒருமுறைகூட வீட்டுக்கு அழைக்கவில்லை என்று நம் அம்மா கடைசிவரை குறைபட்டாள். காரணம் இதுதான். இப்போது சின்னவளுக்குப் பதினொரு வயது. பெரியவளின் உயரத்தை நீ எழுதும்போதெல்லாம் இவளைச் சுவரோரம் நிறுத்தி அளப்பேன். இவள் ஒரு விரற்கடை கூடுதல். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

ஆகவே காட்ட இடமில்லை, நடக் குச்சியும் தேவையில்லை. நாளை காலை நாங்கள் வீடு மாறுகிறோம். வேர் பிடித்ததை இழுத்துப் பார்க்கக் கூடாது, அதனால் உறையில் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சின்னவள் பக்கத்தில் நின்று உன் முகவரியைப் படித்துவிட்டு, "யாருப்பா இவங்க?" என்று கேட்கிறாள்.

"தெரிஞ்சவங்கம்மா" என்றேன்.

ஒட்டித் தந்ததும் அவளே ஓடிப்போய்த் தபால்பெட்டியில் போடுவாள்.