மெயினுக்கு முன்னாடி

மணமக்களுக்கு அறிவுரை போதும் போதும்ங்கிற அளவுக்குச் சொல்லிட்டாங்க... பந்தி வேற காத்திருக்கு. நான் ஒரே ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு உக்காந்துடறேங்க.

கோயம்புத்தூர்ல எங்க கம்பெனியில குறைமாசக் குழந்தைங்களக் கதகதப்பா வச்சுக்கிற இன்குபேட்டர் செய்யறோம். அதுக்கு சி-ங்கிற கம்ப்யூட்டர் பாஷையில புரோகிராம் எழுதுறது தமயந்தின்னு ஒரு பொண்ணு. நாலு வருஷமா ஒரு குறை கிடையாது. இந்த வருஷம் சிப் மாறுச்சு... கூடவே கம்பைலரும் மாறுச்சு. கம்பைலர்னா, நாம எழுதுறத மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்குமே, அது. பயந்துக்காதீங்க!

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். சோதனை பார்க்கிற இருதயராஜ் காலையில சுவிட்சப் போடறாரு... ஹீட்டர் எரியுது... எரியுது... நிக்கவே மாட்டேங்குது! சோதனைங்கிறதால குழந்தைக்குப் பதிலா உள்ள வெறும் தண்ணிப் பைதான். குழந்தை இருந்திருந்தா?

தமயந்தியக் கூப்பிட்டாரு. "என்னம்மா இது?"

"ஒரு வரி கூட நான் மாத்தல சார்! ஓடுன அதே புரோகிராம்!"

மெயின்னு ஒரு இடம்... புரோகிராம் அங்கதான் ஆரம்பிக்கும். அங்கிருந்து கடைசி வரி வரைக்கும் தமயந்தி மூணு தடவை தேடுச்சு. தப்பே இல்ல. இருதயராஜ் மெதுவாக் கேட்டாரு, "மெயினுக்கு முன்னாடி என்னம்மா நடக்குது?"

"முன்னாடியா? ஒண்ணும் நடக்காதே சார்..." சொல்லிட்டே ரெண்டு கம்பைலரோட கையேட்டையும் எடுத்துப் புரட்டுச்சு.

நடந்துச்சுங்க! பழைய கம்பைலர், மெயினுக்கு முன்னாடியே மெமரியத் துடைச்சு, எல்லாத்தையும் பூஜ்யமாக்கி வச்சுட்டுத்தான் இவ புரோகிராமக் கூப்பிட்டிருக்கு. நாலு வருஷமா... சத்தமில்லாம! புதுசு என்ன சொல்லுது? "நீ சொன்னாத்தான் துடைப்பேன்." இவ சொல்லல. மெமரியில கிடந்த ஏதோ ஒரு குப்பை நம்பர, ஹீட்டர் எரிய வேண்டிய நேரம்னு மெஷின் எடுத்துக்கிச்சு.

தமயந்தி என்ன பண்ணுச்சு? மெயின்ல முதல் வரியிலயே ஹீட்டர் நேரம் பூஜ்யம்னு தன் கையால எழுதுச்சு. "இனி யாரோ செஞ்சிருப்பாங்கன்னு இருக்க மாட்டேன் சார்"னுச்சு.

மாப்பிள்ளை... சிரிக்காதீங்க, உங்களுக்குத்தான்! இருபத்தெட்டு வருஷமா காலையில குழாயத் திறந்தா தண்ணி வந்துச்சு. தானாவா வந்துச்சு? நீங்க எந்திரிக்கும் முன்னாடி யாரோ மோட்டாரப் போட்டிருக்காங்க. நாளைக்குத் தனிக்குடித்தனம்... புது வீடு. குழாயத் திறப்பீங்க. வெறும் காத்து வரும். அப்ப பொண்டாட்டி முகத்தப் பார்க்காதீங்க...

எந்திரிச்சுப் போய் மோட்டாரப் போடுங்க.